பொலிசையும் வாசியும்

ஸ்ரீபெரும்பூதூரினின்று ஒரகடம் வழியாய்ச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் பெருவழியின் இருமருங்கிலும் முப்பதாண்டுகட்கு முன்னர் ஏரிப்பாசன வயல்களும் புன்செய்க் கொல்லைகளுமே மிகுதியாக இருந்தன என்பதை நம் சங்கத்து முதியோர் நன்கறிவர். இருங்காட்டுக்கோட்டையில் 1996ஆம் ஆண்டில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலைக்கு அடிகோலினர். ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. இவற்றைச் சூழ்ந்து ஆலைகள் பல எழுந்தன. நிலம் கொடுத்தோர் ஈட்டுத் தொகை பெற்றனர். தலைமுறை தலைமுறையாக நெல் அளந்த குடும்பங்கள் பல இப்போது வட்டிப் பணம் எண்ணுகின்றன. சில, வட்டி கட்டுகின்றன.

நெல்லை அளக்க மரக்காலும் படியும் இருந்தன. அவற்றின் பெயரும் கொள்ளளவும் சிறுவர்க்கும் தெரிந்திருந்தன. பணம் காலத்தோடு கூடிப் பெருகுவதையும், பின்னொரு நாளில் வரவேண்டிய பணம் இன்றைக்குக் குறைந்து நிற்பதையும் அளக்கும் சொற்களோ நம்மவருட் பலர்க்குத் தெளிவாக விளங்கவில்லை. வட்டி, கழிவு, தள்ளு, தள்ளுபடி என்பவற்றை ஒன்றுக்கொன்று மாற்றி வழங்குகின்றோம். இச்சொற்களின் வரலாறு நம் தொண்டை மண்டலத்திலேயே ஆயிரம் ஆண்டுகட்கு மேற்பட்டதாகலின், அதனை ஈண்டுச் சிறிது விரித்துக் கூறப் புகுகின்றோம்.

பணம் பெருகுதலைக் குறிக்கப் பழந்தமிழர் வழங்கிய சொல் பொலிசை. கல்வெட்டுக்களில் அது பலிசை எனவும் வரும். வட்டிக்கு விட்ட முதலைப் பொலியூட்டு என்றும் கூறினர். பொலிதலாவது பெருகுதல், செழித்தல். களத்திலே தூற்றிக் குவித்த நெல்லுக்குப் பொலி என்பதே பெயர். ஆனிரையைப் பெருக்குதற்கென விட்ட எருதுக்குப் பொலிகாளை என்பது இன்றும் நாட்டுப்புறத்து வழக்கு. ஆகவே பொலிசை என்று கேட்ட மாத்திரத்தில் அக்காலத்தார் மனக்கண்முன் நெற்குவியலும் கன்றீன்ற பசுவும் தோன்றியிருக்கும். மலையாள நாட்டார் வட்டியை இன்றும் பலிச என்றே கூறுகின்றனர். நாம் அச்சொல்லை இழந்தோம். நம்மாழ்வார் பொலிக என்னும் வாழ்த்தோடு தொடங்கிய பதிகத்தை, ஸ்ரீபெரும்பூதூரில் பின்னர் அவதரித்த உடையவரின் வருகையை முன்னறிவித்ததாக வைணவப் பெரியோர் கொள்வர். அந்தப் பொலிவும் நம் பொலிசையும் ஒரே வேரிற் பிறந்தவை என்பதை அவ்வூர்ப் பக்கத்தார் எண்ணி மகிழலாம்.

இப்பொழுது வழங்கும் வட்டி என்னும் சொல்லை வடமொழி விருத்தி என்பதன் சிதைவென்பர் ஒரு சாரார். பாலி மொழியிலும் அதனையொத்த வடிவம் உண்டு. விருத்தியும் வளர்தலே யாகலின், சொல் மாறியும் கருத்து மாறவில்லை என்க.

இனி, பொலிசையின் அளவைக் காண்பாம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டுக்கள், ஊர்ச் சபைகளிடம் காசு முதலாகக் கொடுத்து, ஆண்டுதோறும் ஒரு காசுக்கு அரைக்கால் காசு பொலிசை பெற்ற செய்தியைத் திரும்பத் திரும்பக் கூறுகின்றன. அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. இக்காலத்துக் கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. இவ்வட்டியை ஆண்டுதோறும் கோயிலுக்கு அளந்துவிட வேண்டும். முதலோ சந்திராதித்தர் உள்ளளவும் குறையாது நிற்க வேண்டும். முதல் என்னும் சொல்லின் அருமையும் இங்கே நோக்கத்தக்கது. அது தொடக்கம், அடிமரம், வேர். கனியைப் பறிக்கலாம், வேரைத் தொடலாகாது என்னும் விதி அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியுள்ளது.

இதனினும் வியப்புக்குரியது சாவா மூவாப் பேராடு என்னும் தொடர். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிப்பதற்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை இடையர் வசம் ஒப்புவிப்பர். அவர் நாடோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கக் கடவர். ஆடு சாகும், மூக்கும் என்பதை அறியாதவரோ சோழர் கால இடையர்? குட்டிகளைக் கொண்டு தொகையை நிரப்பித் தொண்ணூற்றாறு என்னும் எண்ணை என்றும் குறையாது காத்தல் அவர் கடன். ஆதலால் தனித்தனி ஆடு செத்தாலும் பேராடு சாவதில்லை, மூப்பதும் இல்லை. என்றும் அழியாத முதலிலிருந்து என்றும் வரும் ஆண்டு வருவாய் என்று இக்காலப் பொருணூலார் பக்கம் பக்கமாக விளக்கும் பொருளை நம் முன்னோர் மூன்று சொற்களில் கல்லில் வெட்டிவிட்டனர். வட்டியும் குட்டியும் என்று நாம் இணைத்துச் சொல்வதற்கும் இந்த ஆட்டுப்பட்டிக்கும் உள்ள உறவை அன்பர்களே எண்ணிப் பார்க்க.

நம் பக்கத்திலும் இத்தகைய செய்திகள் மிகுதி. சென்னை எழும்பூர்க் காட்சிச்சாலையில் உள்ள உத்தம சோழன் செப்பேடு, காஞ்சி ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்குரிய பொன்னை நெசவாளர் சேரிகளிடம் முதலாக வைத்துப் பொலிசை கொண்ட முறையைக் கூறுகின்றது. ஒரகடத்துக்குத் தெற்கே உத்தரமேரூரிற் குடவோலை முறையை வகுத்த பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. அச்சபையார் ஏரியைத் தூர்வாரிக் காப்பதற்கெனப் பொன் பெற்று அதன் பொலிசையாற் செலவு நடத்தினர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மறுமுறை வாரியத்துக்கு ஆகார் என்று அவர்கள் விதித்ததை நம் சங்கத்துத் தேர்தற் காலத்தில் நினைவு கூர்தல் நலம். அது நிற்க.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கோயிலுக்கு ஆண்டுதோறும் பத்துக் காசு வருவாய் வேண்டுமென்று விரும்பிய ஒருவன் எத்துணைக் காசு முதலாக வைத்தல் வேண்டும்? எண்பது காசு. எட்டில் ஒன்று வட்டி எனின், என்றும் வரும் ஒரு காசின் இன்றைய விலை எட்டுக் காசு. இவ்வாறு வருங்காலத்து வரவைப் பின்னோக்கிக் கணக்கிட்டு இன்றைய விலை காணும் வேலையைக் கோயிலுக்கு அறம் வைத்த ஒவ்வொருவனும் செய்துவந்தான். முன்னோக்கிப் பெருகுவதற்குப் பொலிசை என்று பெயரிட்ட அவர்கள், பின்னோக்கிக் குறைப்பதற்குத் தனிப்பெயர் ஒன்றும் இட்டதாக யாம் கண்டிலேம். செயல் இருந்தது, சொல் இல்லை. இக்குறை பிற்காலத்தில் எவ்வாறு நம்மைத் தாக்கிற்றென்பதைப் பின்னர்க் கூறுவாம்.

முதலில் வட்டிக்கு வட்டியை ஆராய்வாம். கோயில் முதலின் பொலிசை ஆண்டுதோறும் விளக்கிலும் அமுதுபடியிலும் செலவாகிவிட்டமையால், அது முதலோடு சேர்ந்து மேலும் வளர இடமில்லை. செலவிடாது சேர்ப்பின் நிகழ்வது வேறு. வடமொழி ஸ்மிருதி நூலார் இதனைச் சக்கரவிருத்தி என்றனர். உருளும் தோறும் மண்ணைச் சேர்த்துக்கொள்ளும் சக்கரம் போல்வது அது. பள்ளிக்கூடக் கணக்குநூல் அதனைக் கூட்டுவட்டி என்றும், மற்றதைத் தனிவட்டி என்றும் கூறும். இராஜராஜன் காலத்து அரைக்கால் விகிதத்தையே கொண்டு கணக்கிடுவோம். தனிவட்டியில் ஒரு முதல் இரட்டிக்க எட்டாண்டு வேண்டும். கூட்டுவட்டியில் ஆறாண்டு சாலும். இவ்வேறுபாடு சிறிதென்று எண்ணுவோர் இருபத்துநான்கு ஆண்டு பொறுத்துப் பார்க்க. தனிவட்டியில் நூறு ரூபாய் நானூறு ஆகும். கூட்டுவட்டியிலோ ஏறத்தாழ ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு ஆகும். கடன்பட்ட குடும்பங்கள் ஒரு தலைமுறைக்குள் நிலம் இழந்ததற்கு இந்த எண்களே போதிய விளக்கம்.

இக்கொடுமையை நோக்கியே ராஜகோபாலாசாரியார் மந்திரிசபைக் காலத்தில், 1938ஆம் ஆண்டில், சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் பிறந்தது. முதலில் இரட்டிப்பங்கு செலுத்திவிட்ட உழவனது பழங்கடன் தீர்ந்ததாக அச்சட்டம் விதித்தது. புதுக்கடனுக்கு நூற்றுக்கு ஆறேகால் வீதம் தனிவட்டியே என்று வரம்பும் கட்டிற்று. ஆறேகால் என்னும் அளவு எங்கிருந்து வந்தது? ரூபாய்க்கு மாதம் ஒரு பை. நூற்றுத்தொண்ணூற்றிரண்டு பை கொண்டது பழைய ரூபாய். ஆண்டுக்குப் பன்னிரண்டு பை, அஃதாவது ஓரணா. எழுத்தறியா உழவனும் விரல்விட்டு எண்ணத்தக்க அளவாகச் சட்டத்தை அமைத்த திறம் போற்றத்தக்கது. இன்றோ நம்மூர்களில் 'இரண்டு வட்டி', 'மூன்று வட்டி' என்கின்றனர். நூற்றுக்கு இரண்டு தானே என்று கேட்பவன் மகிழ்கின்றான். அது மாதத்துக்கு என்பதும், ஆண்டுக்கு இருபத்துநான்கு என்பதும் அச்சொல்லுக்குள் ஒளிந்துகொள்கின்றன. வங்கியார் ஆண்டுக்கு ஏழு என்றால் அதிகமென்று முகஞ்சுளிப்பவரே பக்கத்து வீட்டில் மூன்று வட்டிக்கு வாங்குவதை நாம் காணவில்லையா?

நிற்க. இனிக் குறைத்தலின் பெயருக்கு வருவோம். தமிழில் இதற்குரிய பழஞ்சொல் வாசி. சேக்கிழார் பெருமான் நம் மண்டலத்துக் குன்றத்தூரினர். ஸ்ரீபெரும்பூதூர்க்கு அணித்தான ஊர் அது. அவர் உரைத்த திருவீழிமிழலை வரலாற்றை அறியாதார் இலர். பஞ்ச காலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாடோறும் பீடத்தில் ஒவ்வொரு படிக்காசு வைத்தருளினான். அப்பர் பெற்ற காசு குறைவின்றிச் செலவாயிற்று. சம்பந்தர் பெற்ற காசுக்கு வணிகர் வாசி கேட்டனர். அதனால் அடியார்க்கு அமுது சமைக்கக் காலந்தாழ்ந்தது. வாசி தீர்ந்த காசு வேண்டிச் சம்பந்தர் பாடினார். தேவாரத்திலேயே நாணய மாற்றின் கழிவுக்குரிய சொல் இடம்பெற்றிருப்பதும், அக்கழிவு அடியார் பசியோடு தொடர்புற்று நிற்பதும் எண்ணத்தக்கன.

வாசியோடு ஒத்த மற்றொரு சொல் வட்டம். நாணயம் மாற்றுங்கால் கடைக்காரன் பிடித்துக்கொள்ளும் தொகைக்கு வட்டம் என்று பெயர். வட்டங் கட்டினான் என்பது வழக்கு. ஆயின் வாசியும் வட்டமும் காசின் தரத்தைப் பற்றியவை; தேய்ந்த காசு, வேற்றூர்க் காசு, மாற்றுக் குறைந்த காசு ஆகியவற்றுக்குரியவை. காலத்தைப் பற்றியவை அல்ல. 'இக்காசு இன்றே குறைந்த காசு' என்பதற்கும், 'நல்ல காசுதான், ஆயின் மூன்று மாதம் கழித்து வரும் காசு' என்பதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. முன்னது உலோகத்தின் குறை, பின்னது காத்திருத்தலின் விலை.

இவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்த இடம் உண்டியல் வாணிகம். செட்டிநாட்டு நகரத்தார் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த காலத்தில், கண்டவுடன் பணம் தரவேண்டிய தரிசன உண்டியலும், குறித்த நாள் கழித்துத் தரவேண்டிய தவணை உண்டியலும் வழங்கின. தவணை உண்டியலை முன்னரே விற்பவன் முகத்தொகைக்குக் குறைவாகவே பெறுவான். அக்குறைவில் ஊர் மாற்றின் கூலியும் இருந்தது, நாட்களின் வட்டியும் இருந்தது. அவர்களிடம் வட்டியின் பெயர்கள் மிகத் தெளிவாயிருந்தன. மாதந்தோறும் ரங்கூன் மொகல் தெருக் கோயிலிற் கூடி முடிவு செய்த விகிதம் நடப்பு வட்டி. குறித்த காலத்துக்கு வைத்த பணத்துக்கு அதனினும் சற்று மிகுந்தது தவணை வட்டி. தவணை முடியுந்தோறும் வட்டியை முதலோடு கூட்டிப் பேரேட்டில் எழுதும் வழக்கமும் உண்டு. பிறர் கடன்படுவதில் சொல்லைக் குழப்ப, இவர்கள் கடன் கொடுப்பதில் சொல்லைத் தீட்டி வைத்திருந்தனர். செல்வம் எப்பக்கம் சேர்ந்ததென்பதை உலகறியும்.

நம் பெருவழிக்குத் திரும்புவோம். ஆலை வாயில்களைச் சுற்றிலும் சிறுகடை வைத்தோர் தண்டல் என்னும் முறையில் பணம் வாங்குகின்றனர். பத்தாயிரம் என்று பத்திரம் எழுதி, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்பதாயிரத்தைக் கையிற் கொடுப்பர். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வாங்கியவனைக் கேட்டால், 'வட்டி இல்லை ஐயா, ஆயிரம் கழிவு மட்டும்; நூற்றுக்குப் பத்து' என்பான். உண்மை யாது? முழுத்தொகையும் நூறு நாள் அவன் கையில் இருப்பதில்லை. முதல் நாள் தொடங்கியே திரும்பிச் செல்லுகின்றது. ஆகவே அவன் மெய்யாகக் கொடுப்பது நாளொன்றுக்கு நூற்றுக்கு 0.21க்குச் சற்று மேல். ஆண்டுக்குத் தனிவட்டிக் கணக்கில் ஏறத்தாழ எழுபத்தேழு, கூட்டுவட்டிக் கணக்கில் நூறையும் தாண்டிவிடும். கழிவு என்ற பெயரால் வட்டி மறைந்துகொண்டது. பின்னோக்கிய கணக்குக்குத் தெளிந்த பெயர் இல்லாமையின் கேடு இதுவே. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் இயற்றிய மிகைவட்டித் தடைச் சட்டம் நாள்வட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர்வட்டி, தண்டல் என்னும் ஐந்தையும் பெயர் சுட்டிக் கண்டித்தது. அரசாங்கத்தார் சட்டத்தின் ஆங்கில வாசகத்திலும் இத்தமிழ்ப் பெயர்களையே எழுத நேர்ந்தமை, கொடுமைக்குப் பெயரிடுவதில் நம்மவர் எவருக்கும் இளைத்தவரல்லர் என்பதைக் காட்டும்.

சீட்டின் கதை சற்று வேறு. இருபது பேர் மாதம் ஐயாயிரம் வீதம் கட்டும் இலட்ச ரூபாய் ஏலச்சீட்டில், மகள் திருமணம் என்றோ மருத்துவம் என்றோ முதலில் பணம் வேண்டியவன் இருபத்தையாயிரம் தள்ளி எழுபத்தையாயிரம் எடுக்கின்றான். தள்ளிய தொகையில் நடத்துபவரின் தரகு ஐயாயிரம் போக, எஞ்சிய இருபதாயிரம் மற்றவர்க்கும் அவனுக்குமாக ஆளுக்கு ஆயிரமாகப் பிரியும். இதனைத் தள்ளு, கழிவு, கசர் என்று பலவாறு வழங்குவர். காத்திருத்தலின் விலையைத் தமிழ் மக்கள் தாமே கூடி ஏலத்தில் நிறுத்துகின்ற இடம் இது ஒன்றே எனலாம். பொறுப்பவர் பெறுகின்றனர், பொறுக்கவியலாதவர் கொடுக்கின்றனர், இரண்டும் எல்லார் கண்முன்னும் நிகழ்கின்றன. தண்டலில் இல்லாத நேர்மை இதில் உண்டு. நடத்துபவர் ஓடிவிடாத வரையில் என்பதையும் சேர்த்துக்கொள்க. இந்திய நாட்டுச் சீட்டு நிதிச் சட்டம் 1982ஆம் ஆண்டினது. அதனை 2019ஆம் ஆண்டில் திருத்தியபோது பெயர்களையே மாற்றினர். முன்னர்ப் பரிசுத் தொகை என்றிருந்ததை நிகரச் சீட்டுத் தொகை என்றும், இலாபப் பங்கு என்றிருந்ததைக் கழிவுப் பங்கு என்றும் வைத்தனர். நடத்துபவர் தரகின் உச்சவரம்பு நூற்றுக்கு ஐந்தினின்று ஏழாக உயர்ந்ததும் அத்திருத்தத்தினாலேயே. தரகு உயர்ந்ததை யாம் பாராட்டவில்லை. பெயர் மாற்றத்தைப் பாராட்டுகின்றோம். இருபத்தையாயிரம் இழந்து எடுத்த தன் சொந்தப் பணத்தைப் பரிசு என்றழைத்தது யார் செய்த வேடிக்கையோ!

தள்ளுபடி என்னும் சொல்லின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஆடிமாதத் துணிக்கடையில் விலைக் குறைப்பு தள்ளுபடி. அரசாங்கம் பயிர்க்கடனை விட்டுக்கொடுப்பதும் தள்ளுபடி. நீதிமன்றம் மனுவை ஏற்க மறுப்பதும் தள்ளுபடி. வங்கி உண்டியலை முன்னரே பணமாக்குவதும் அதுவே. நான்கு வேறு பொருளுக்கு ஒரு சொல். ஈழநாட்டார் கடைவிலைக் குறைப்பைக் கழிவு என்றும், மதிப்பைப் பெறுமதி என்றும் கூறுவர். பெறுமதி என்னும் சொல், பெறுதற்குரிய மதிப்பு என்று விரிந்து நிற்றலால் நமக்கு மிக உவப்பானது. வருங்காலத் தொகையை வட்டி விகிதத்தாற் குறைத்துக் காண்பதைக் காலக்கழிவு என்றும், அங்ஙனம் கண்ட தொகையை இன்றைப் பெறுமதி என்றும் நம் பத்திரிகையில் வழங்கலாம் என்பது எம் கருத்து. அரைக்கால் வட்டியில் ஆறாண்டு கழித்து வரும் ஆயிரம் ரூபாயின் இன்றைப் பெறுமதி ஏறத்தாழ நானூற்றுத் தொண்ணூற்று மூன்று. இதனை வீட்டுப் பெண்டிரும் அறிந்திருப்பின், 'ஆறாண்டில் இரட்டிப்பு' என்று சொல்லி வரும் முகவரிடம் என்ன வினவ வேண்டுமென்பது தானே விளங்கும்.

இறுதியாக நிலத்தின் ஈட்டுத் தொகை. நம் பகுதி நிலங்கள் பல, 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தொழில்நோக்க நிலமெடுப்புச் சட்டத்தின்படி எடுக்கப்பட்டவை. நாடு முழுமைக்குமான 1894ஆம் ஆண்டுச் சட்டம், 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், தொகை தாமதித்தால் முதலாண்டுக்கு நூற்றுக்கு ஒன்பதும் அதன்மேல் பதினைந்தும் வட்டி விதித்தது. அதற்கீடாக வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்விகிதங்களையே கொண்டது. ஆறுதல் தொகைக்கும் வட்டி உண்டென்று 2001ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பதினைந்து என்று கேட்டவர் உள்ளம் குளிரும். ஆயின் அது தனிவட்டி. ஓர் இலட்சம் பத்தாண்டு நிலுவையில் நின்றால் இரண்டு இலட்சத்து நாற்பத்து நாலாயிரம் ஆகும். அதே இலட்சம் நூற்றுக்குப் பத்து வீதம் ஆண்டுக் கூட்டுவட்டியில் வைக்கப்பெற்றிருப்பின் இரண்டு இலட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்துக்கு மேலாயிருக்கும். பதினைந்தினும் பத்து பெரிதாகும் விந்தை இது.

நிலத்தின் மதிப்பை விளைவின் மடங்காகக் காணும் முறையும் நீதிமன்றங்களில் உண்டு. நிகர ஆண்டு விளைவை எத்தனை ஆண்டால் பெருக்குவது என்பதே அங்கு வழக்கு. வட்டி விகிதம் குறைந்திருந்த நாளில் இருபதாண்டு மடங்கு வழங்கிற்று. கன்னட நாட்டு வழக்கொன்றில் 1984ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், அச்சமற்ற முதலீட்டின் வட்டி உயர்ந்துவிட்டமையால் பத்தாண்டு மடங்கே தகும் என்று கூறிற்று. நூற்றுக்கு ஐந்து எனின் இருபது மடங்கு. பத்து எனின் பத்து மடங்கு. சோழர் கால அரைக்கால் எனின் எட்டு மடங்கு. வட்டி ஏற ஏற நிலத்தின் பெறுமதி இறங்கும். உழுதவன் மாறவில்லை, விளைவும் மாறவில்லை. நூற்றுக்கு ஐந்து பத்தானதும் ஏக்கரின் மதிப்புப் பாதியாயிற்று. ஈட்டுத் தொகை குறித்து இன்னும் வழக்காடிக் கொண்டிருக்கும் நம் குடும்பத்தார், தம் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டுவது எந்த விகிதம், எத்தனை மடங்கு, தனியா கூட்டா என்னும் மூன்றுமே.